உருளை இனித்தால் குற்றம் யாருடையது?

சிப்ஸ் தொழிற்சாலை வாசலில் உருளைக்கிழங்கு லாரி வந்து நின்றதும் மூட்டைகளை இறக்கிவிடுவதில்லை. மேலே கொஞ்சம், நடுவே கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று கிழங்குகளை எடுத்துப் பரிசோதனை அறைக்குக் கொண்டுபோகிறார்கள். தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, காய்ந்த எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். பொன்னிறமாக வந்தால் லாரி உள்ளே போகலாம். பழுப்பேறி ஓரம் கறுத்துவிட்டால் மொத்தச் சுமையும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கிழங்கில் ஒரு சொத்தை இல்லை, அழுகல் இல்லை, பச்சை இல்லை என்றெல்லாம் ஓட்டுநர் வாதாடிப் பயனில்லை. எண்ணெய் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: கிழங்குக்குள் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை.

வீட்டு அடுப்பிலும் இந்தச் சோதனை அவ்வப்போது நடக்கிறது. ஒரு மாதம் உருளை வறுவல் மொறுமொறுவென்று வருகிறது. அடுத்த மாதம் அதே கடை, அதே எண்ணெய், அதே கை. ஆனால் வறுவல் சட்டென்று கறுத்துப்போய், மிளகாய்த்தூள் காரத்தையும் மீறி ஒரு தித்திப்பு நாக்கில் நிற்கிறது. விசாரித்தால், குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். பழி கிடங்கின் தலையில் விழுகிறது. அதில் பாதிதான் நியாயம். மீதிப் பாதிக்கு, அந்தக் கிழங்கு செடியில் இருந்தபோது என்ன தின்றது, எப்போது தின்றது என்று கேட்க வேண்டும்.

முதலில் கிடங்கின் பக்கம் இருக்கிற நியாயத்தைப் பார்த்துவிடலாம். உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாக உருளைக்கிழங்கு அதிகம் விளைவது இந்தியாவில்; ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி டன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி வடக்கே கங்கைச் சமவெளியில் விளைகிறது. ஐரோப்பிய விவசாயிக்கு இயற்கையே ஓர் உதவி செய்திருக்கிறது: கோடையில் பயிர் வளர்ந்து, குளிர் தொடங்கும்போது கிழங்கு கிடங்குக்குப் போகிறது. வெளிக்காற்றை உள்ளே விட்டாலே கிடங்கு குளிர்ந்துவிடும். இங்கே எல்லாம் தலைகீழ். அக்டோபரில் நட்டதைப் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டும்போது வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. பறித்த கிழங்கை அப்படியே குவித்து வைத்தால் மே மாதத்துக்குள் சுருங்கும், முளைக்கும், அழுகும். அதனால்தான் உத்தரப் பிரதேசத்தின் ஆக்ராவிலும் ஃபரூக்காபாத்திலும், மேற்கு வங்கத்தின் ஹூக்ளியிலும் மார்ச் மாதம் குளிர்பதனக் கிடங்குகளின் வாசலில் டிராக்டர்கள் நீளமாக வரிசை கட்டுகின்றன. நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள் உண்டு. அவற்றின் கொள்ளளவில் பெரும்பகுதியை உருளையே பிடித்துக்கொள்கிறது. அங்கே 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் அக்டோபர், நவம்பர் வரை மூட்டைகள் கிடக்கும்.

அந்தக் குளிர் முளையை அடக்குகிறது, அழுகலை அடக்குகிறது. ஆனால் கிழங்கு உயிருள்ள பொருள். பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது. உறைபனிக்கு நெருக்கமான குளிரில் அது தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. இந்தச் சர்க்கரையும், கிழங்கில் இயல்பாகவே இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சூடான எண்ணெயில் சேரும்போது பழுப்பு நிறமும் கசப்பும் உண்டாகின்றன. கூடவே அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உருவாகிறது என்பதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியபோது உலகம் முழுவதும் சிப்ஸ் நிறுவனங்கள் பதறின. அதுவரை நிறமும் சுவையும் பற்றிய விஷயமாக இருந்த சர்க்கரை, அதன்பின் உடல்நல விஷயமாகவும் ஆயிற்று.

இந்த இனிப்பை ஓரளவு திருப்பவும் முடியும். கிடங்கிலிருந்து எடுத்த கிழங்கை இரண்டு, மூன்று வாரம் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தால் சர்க்கரையில் ஒரு பங்கு மறுபடி மாவுச்சத்தாக மாறும். வறுவலுக்கான உருளையை ஃபிரிட்ஜில் வைக்காமல், வெளிச்சம் படாத காற்றோட்டமான மூலையில் வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

தொழிற்சாலைகள் வேறு வழி தேடின. சிப்ஸுக்குப் போகிற உருளையை 10 முதல் 12 டிகிரியில் வைத்தால் சர்க்கரை ஏறாது; ஆனால் முளை விடும். முளையை அடக்கச் சிஐபிசி என்ற மருந்தைப் புகையாக விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்துக்கான அனுமதியை 2019இல் நீட்டிக்க மறுத்துவிட்டது. இந்தியாவில் இன்னும் புழக்கத்தில் உண்டு. இன்னொரு பக்கம் ரகத்தையே மாற்றினார்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் குஃப்ரி சிப்சோனா-1, சிப்சோனா-2 என்ற ரகங்களை வெளியிட்டது. சர்க்கரை குறைவு, நீர் போக மிஞ்சும் திடப்பொருள் அதிகம் என்று, வறுப்பதற்கென்றே உருவாக்கிய ரகங்கள். தொழிற்சாலை கேட்பது இந்த இரண்டும்தான்: நூறு கிராம் கிழங்கில் திடப்பொருள் 20 கிராமுக்குக் குறையக்கூடாது, வறுக்கும்போது கருக வைக்கும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டும் சேர்ந்து 0.1 கிராமைத் தாண்டக்கூடாது. திடப்பொருள் கூடினால் சிப்ஸ் அதிகம் தேறும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும்.

ஆனாலும் ஒரே ரகம், ஒரே கிடங்கு, ஒரே அறை. இரண்டு விவசாயிகளின் மூட்டைகள் ஆறு மாதம் கழித்து இரண்டு விதமாக வெளியே வருகின்றன. ஒன்றில் கிழங்கு கல்லாக இருக்கிறது. மற்றொன்றில் தோல் உரிந்து, சுருங்கி, கீழ்மூட்டை கசிந்திருக்கிறது. கிடங்கு எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. உள்ளே வந்ததைக் கெடாமல் காப்பதுதான் அதன் வேலை. வந்ததே அரைகுறையாக இருந்தால் எந்தக் குளிரும் அதைச் சரிசெய்யாது.

அரைகுறை என்பது இங்கே திட்டவட்டமான பொருளில்: முதிராத கிழங்கு. அதற்கு முதல் காரணம் பெரும்பாலும் யூரியா.

யூரியா தரும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, குறை சொல்லி உருளை பயிரிட முடியாது. இலை விரிவதும், வெயிலைப் பிடிப்பதும், கிழங்குக்கு வேண்டிய மாவை ஆக்குவதும் அதன் தயவில்தான் நடக்கின்றன. கங்கைச் சமவெளியில் எக்டேருக்கு 180 கிலோ அளவில் பரிந்துரைக்கிறார்கள். பாதியை நடும்போதும், மீதியை 25–30 நாளில் மண் அணைக்கும்போதும் இட வேண்டும். அத்தோடு கை நிறுத்த வேண்டும். நிற்பதில்லை. இலை கொஞ்சம் வெளிறினாலும் ஒரு கை யூரியா, பக்கத்து வயல் பச்சையாகத் தெரிந்தால் இன்னொரு கை என்று போய்க்கொண்டே இருக்கிறது. அறுபது, எழுபதாம் நாளில் தழைச்சத்து கிடைக்கிற செடி கிழங்கைப் பருக்க வைப்பதை விட்டுவிட்டு மறுபடி தழை விடப் பார்க்கும். வேலை முடிந்து பழுத்துச் சாய வேண்டிய நேரத்தில் அதற்கு இளமை திரும்புகிறது. தோண்டுகிற நாளில் பச்சைப்பசேலென்று நிற்கும் உருளை வயல் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அதிலிருந்து வரும் கிழங்கைக் கட்டைவிரலால் தேய்த்தால் தோல் கழன்று வரும், அறுத்தால் நீர்ச்சத்து அதிகம், வறுத்தால் கறுக்கும், கிடங்கில் முதலில் சுருங்குவதும் அதுவே.

இன்னொரு கோளாறும் உண்டு, அது வெளியே தெரியாது. பெரிய, கண்ணைப் பறிக்கும் கிழங்கை வாங்கி வந்து அறுத்தால் நடுவில் நட்சத்திரம்போல ஒரு பொந்து. பூச்சியோ நோயோ அல்ல. தண்ணீர் இல்லாமலோ குளிராலோ வளர்ச்சி நின்றுபோன செடி, திடீரென்று நீரும் தழைச்சத்தும் கிடைத்ததும் அவசரமாகக் கிழங்கை ஊத வைக்கிறது. வெளிச்சதை வளர்கிற வேகத்துக்கு உள்சதை ஈடுகொடுக்க முடியாமல் கிழிகிறது. சந்தையில் பெரிய உருளைக்குக் கூடுதல் விலை தரும் வழக்கம் இந்தப் பொந்துக்கும் சேர்த்துத்தான் விலை தருகிறது.

அப்படியென்றால் தழைச்சத்தை வெட்டிவிடலாமா? அதுவும் கூடாது. 2006இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று, தழைச்சத்தை மிகவும் குறைத்த வயல்களின் கிழங்கில் சர்க்கரை உயர்ந்ததைக் காட்டியது. பட்டினிச் செடி சீக்கிரமே சாகிறது. அதன் கிழங்கும் ஒழுங்காக முதிர்வதில்லை. ஆகவே கேள்வி எவ்வளவு என்பதில் மட்டும் இல்லை, எப்போது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்களில் உருளை விவசாயிகள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வாரந்தோறும் வயலில் நடந்து, செடியின் உச்சியிலிருந்து நான்காவது இலையின் காம்புகளைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். காம்பில் நைட்ரேட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து அடுத்த தவணையை முடிவு செய்வார்கள். பருவத்தின் கடைசியில் அந்த அளவு இறங்கிக்கொண்டு வர வேண்டும். நம்மூரில் காம்புச் சோதனை இல்லாவிட்டாலும் நாட்காட்டி இருக்கிறது. மண் அணைத்த பிறகு யூரியா மூட்டையின் வாயைக் கட்டிவிடுவதற்கு ஆய்வகம் தேவையில்லை.

தழைச்சத்துக்கு இவ்வளவு பேச்சு நடக்கும்போது உருளை உண்மையில் அதிகம் தின்பது வேறொன்றை. ஒரு டன் கிழங்கு வயலைவிட்டுப் போகும்போது சுமார் 3 கிலோ தழைச்சத்தையும் ஒரு கிலோ அளவில் மணிச்சத்தையும் கொண்டுபோகிறது. பொட்டாசியம் தரும் சாம்பல் சத்தோ 5 முதல் 6 கிலோ. எக்டேருக்கு 30 டன் எடுத்தால் 150 முதல் 180 கிலோ சாம்பல் சத்து மூட்டையில் ஏறிச் சந்தைக்குப் போய்விட்டது என்று பொருள். கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் அபிரகம் சார்ந்த களிமண் நிறைய. அது தன்னிடமுள்ள பொட்டாசியத்தை மெல்ல விட்டுக்கொடுப்பதால் பல பத்தாண்டுகளாகப் போடாமலும் குறைத்துப் போட்டும் சமாளிக்க முடிந்தது. மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட காலம் அது.

இலையில் உருவாகும் சர்க்கரை கிழங்குக்கு இறங்குவதற்கும், இறங்கியது மாவுச்சத்தாக மாறுவதற்கும் பொட்டாசியம் வேண்டும். அது குறைந்தால் சர்க்கரை பாதி வழியில் சர்க்கரையாகவே தங்கும். அடிபட்ட உருளையின் தோலுக்குக் கீழே ஓரிரு நாளில் சாம்பல் கலந்த கருமை தோன்றுவதைச் சமையலறையில் பார்த்திருக்கலாம். மூட்டை லாரியிலிருந்து தூக்கிப் போடப்பட்டதன் தழும்பு அது. சாம்பல் சத்து போதிய அளவு பெற்ற கிழங்கில் இந்தக் கருமை குறைவு. வேகவைத்த உருளை ஆறியதும் காம்புப் பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறமாவதற்கும் இதனோடு தொடர்பு உண்டு. கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் கூடிக் காற்றுப் பட்டதும் அந்த நிறம் வருகிறது. கிழங்கில் சிட்ரிக் அமிலம் போதுமான அளவு இருந்தால் அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் நன்றாகக் கிடைத்த கிழங்கில் சிட்ரிக் அமிலம் அதிகம். பாத்திரத்தின்மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, உரக்கடையில் யாரும் சொல்லாதது. பொட்டாஷ் என்று கேட்டால் கடையில் கிடைப்பது மியூரேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. அதில் பொட்டாசியத்தோடு குளோரைடும் வருகிறது. குளோரைடு கிழங்குக்குள் நீரை இழுத்துத் திடப்பொருளைக் குறைக்கும். சல்பேட் ஆஃப் பொட்டாஷில் அந்தத் தொல்லை குறைவு; ஆனால் விலை அதிகம். குழம்புக்குப் போகிற உருளை என்றால் மியூரேட்டே போதும், நட்டம் எதுவும் பெரிதாக இல்லை. சிப்ஸுக்குப் போகிற உருளை என்றால் எந்த வடிவத்தில் இடுகிறோம் என்பது முக்கியமாகிறது. மியூரேட்தான் கைக்கு எட்டுகிறது என்றால் நடவுக்கு முன்பே அடியுரமாக இட்டுவிடுவது நல்லது. குளோரைடு நீரில் கரைந்து கீழே இறங்க நேரம் கிடைக்கும். சல்பேட் என்றாலும் அள்ளிக் கொட்டினால் திடப்பொருள் குறையத்தான் செய்யும்.

விவசாயி ஏன் யூரியாவை அள்ளுகிறார், பொட்டாஷைக் கிள்ளுகிறார் என்பதற்கு அறியாமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது வசதியானது, சரியானதல்ல. வேப்பெண்ணெய் பூசிய 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2010இல் மத்திய அரசு உர மானியத்தை ஊட்டச்சத்து அடிப்படைக்கு மாற்றியபோது யூரியாவை மட்டும் அந்தத் திட்டத்துக்கு வெளியே, பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே வைத்தது. முழுக்க இறக்குமதியை நம்பியிருக்கும் பொட்டாஷின் விலை அடுத்த சில ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. கையில் இருக்கிற பணத்துக்கு எது கிடைக்குமோ அதைத்தான் வயல் தின்னும்.

கால்சியத்தின் கதை இன்னும் விசித்திரமானது. மண்ணில் இருக்கும், இலையில் இருக்கும், கிழங்கில் இருக்காது. வேர் உறிஞ்சுகிற நீரோடு கால்சியம் மேலே போகிறது. நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே போய் இறங்குகிறது. இலை வெயிலில் நிற்கிறது, நீர் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கிழங்கோ ஈர மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் தோலிலிருந்து ஆவியாக என்ன இருக்கிறது? இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் கீழே வருவதும் இல்லை. ஆகவே இலைமேல் தெளிக்கும் கால்சியம் மருந்துகளுக்குச் செலவழித்த பணம் பெரும்பாலும் இலையிலேயே நின்றுவிடுகிறது.

கிழங்குக்கு அது எப்படித்தான் போய்ச் சேர்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் ஜீவன் பால்டாவின் குழு 1980களில் இதைத் துருவியது. செடியின் முதன்மை வேர்களுக்குத் தனியாக, கிழங்கும் அதைத் தாங்கும் நிலத்தடித் தண்டும் இருக்கும் பகுதிக்குத் தனியாகச் சாயம் கலந்த நீர் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய வேர்கள் குடித்த சாயம் இலைக்குப் போனது. கிழங்குக்குள் வந்தது, கிழங்கிலும் அந்தத் தண்டிலும் இருக்கும் மெல்லிய வேர்கள் குடித்தது. அந்தச் சிறுவேர்களை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கால்சியத்தை வயலில் பொதுவாகத் தூவினால் போதாது, கிழங்கு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு சாண் மண்ணிலேயே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். பின்னர் நடந்த சோதனைகளில், கிழங்கு பருக்கும் நாட்களில் அந்த இடத்தில் பிரித்துப் பிரித்துக் கொடுத்தபோது கிழங்கில் கால்சியம் ஏறியது. உள்ளே பழுப்புப் புள்ளி விழுவதும், நடுவில் பொந்து விழுவதும், கிடங்கில் மென்மையாகி அழுகுவதும் குறைந்தன.

நிலக்கடலை பயிரிடும் தமிழக விவசாயிக்கு இது புதிதல்ல. விதைத்த 40–45ஆம் நாளில் மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடச் சொல்லும் பரிந்துரை எல்லோருக்கும் தெரியும். விழுது மண்ணில் இறங்கிக் காயாகும்போது தனக்கு வேண்டிய கால்சியத்தை மண்ணிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. கிடைக்காவிட்டால் பொக்குக் கடலை. கிழங்கும் காயும் வேறு வேறு குடும்பம். மண்ணுக்குள் வளரும் உறுப்பு என்ற ஒற்றுமையால் இரண்டுக்கும் ஒரே சிக்கல்.

கிடங்கில் கால்சியம் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்றால், மென்னழுகலை உண்டாக்கும் பாக்டீரியா கிழங்கின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துத்தான் உள்ளே நுழைகிறது. அந்தப் பெக்டினை இறுக்கிப் பிணைப்பது கால்சியம். இறுகிய சுவரைக் கரைக்க நேரமாகும். ஒரு மூட்டையில் ஒரு கிழங்கு அழுகிக் கசிந்தால் அடியிலிருக்கும் அத்தனையும் நனையும் என்பதை எந்த மண்டிக்காரரும் சொல்லுவார். விதைக்கிழங்குக்கும் இது பொருந்தும்: கால்சியம் குறைந்த விதையில் முளையின் நுனி கருகிவிடுவதுண்டு.

சரி, சுண்ணாம்பைக் கொட்டிவிடலாமே? அவசரப்படக்கூடாது. சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும். அமிலம் குறைந்த மண்ணில் கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறிநோய் தலைதூக்கும். ஜிப்சம் அந்த மாற்றத்தைச் செய்யாமல் கால்சியத்தைத் தரும் என்பதுதான் அதன் சிறப்பு.

நீலகிரியில் இந்தக் கணக்குகள் எல்லாம் வேறு. 1820களில் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் உருளை மலையேறியது என்று சொல்வது வழக்கம். சமவெளியைப்போல ஒரே பருவம் அல்ல. பாசன வசதியைப் பொறுத்து ஆண்டுக்கு மூன்று பருவங்கள் அங்கே உண்டு. அதனால் ஊட்டி உருளை நீண்ட நாள் குளிரில் கிடக்க வேண்டிய தேவை குறைவு. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புதிதாகவே வந்து 45 கிலோ மூட்டைகளில் ஏலம் போகிறது. மண் வேறு. கன மழை காரச் சத்துகளைக் கழுவிக்கொண்டு போய்விட, செம்மண் கடும் அமிலமாக நிற்கிறது. அந்த மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் போடுகிற மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டிவிடுகின்றன. அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப்பகுதி உருளைக்கு எக்டேருக்கு 120 கிலோ தழை, 240 கிலோ மணி, 120 கிலோ சாம்பல் என்று, மற்ற இரண்டைப்போல இரு மடங்கு மணிச்சத்தைப் பரிந்துரைக்கிறது. செடி அவ்வளவையும் தின்னும் என்பதற்காக அல்ல. மண் விழுங்கியது போக மிச்சம் கிடைக்கட்டும் என்று. கூடவே 60 கிலோ மெக்னீசியம் சல்பேட். மழையில் கரைந்து போகிற மெக்னீசியம் இல்லாவிட்டால் அடியிலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாகிவிடும்; இலை தோற்றால் கிழங்கில் மாவு ஏறாது. சாம்பல் சத்தைக் கண்மூடிக் கூட்டினால் அதுவே மெக்னீசியத்தைச் செடிக்குள் வரவிடாமல் தடுக்கும். ஆக ஒன்றுக்கு நல்லது செய்யப்போய் இன்னொன்றுக்குக் கெடுதல் வருவது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

உரம் போட்டும் பயிர் மஞ்சளடிக்கிறது என்றால் மலையில் இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும். 1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேரைக் குடைந்துவிடுகிறது. மண்ணில் சத்து கிடந்தாலும் உறிஞ்ச வேர் இல்லை. இலையைப் பார்த்தால் சத்துக் குறைபாடு போலவே இருக்கும். இன்னும் ஒரு மூட்டை உரம் கொட்டுவது அங்கே மருந்தாகாது. நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகமும், முட்டைக்கோஸ், கேரட் என்று பயிர் மாற்றுவதும்தான் அங்கே முதல் வைத்தியம். நீலகிரியின் முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையம் இந்த வேலையில்தான் பல ஆண்டுகளாக இருக்கிறது.

எல்லாச் சத்தும் சரியாகக் கிடைத்தாலும் கடைசிச் சில வாரங்களில் கெடுத்துவிட முடியும். தழையை வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு தழையை வெட்டிவிட்டு, கிழங்கை மண்ணுக்குள்ளேயே இரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும். தோல் தடிப்பது அப்போதுதான். ஈர வயலில் தோண்டிய கிழங்கின் தோலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் புடைத்திருக்கும். அவை கிழங்கு மூச்சு விடும் துளைகள். திறந்துகிடக்கும் அந்தத் துளை பாக்டீரியாவுக்கு வாசல். தோண்டியதை நேராகக் கிடங்குக்கு ஏற்றாமல் நிழலில் குவித்து வைக்கோலால் மூடி ஒன்றிரண்டு வாரம் ஆறவிட்டால், மண்வெட்டி பட்ட காயங்கள் மேல் தக்கைபோல ஒரு படலம் படிந்து ஆறிவிடும். விலை ஏறுகிறது என்ற சேதி வந்தவுடன் முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான்.

விலையைச் சொன்னதும் ஒன்று புரிகிறது. குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில், தீசாவைச் சுற்றி, சிப்ஸ் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விளைவிக்கும் விவசாயிகள் திடப்பொருள், வறுவல் நிறம் என்று பேசுகிறார்கள். அவர்களுடைய லாரியை வாசலில் சோதிக்கிறார்கள். கடைசி யூரியாத் தவணை எப்போது என்று எண்ணிப் பார்க்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண மண்டிக்கு வரும் விவசாயிக்கு அந்தக் காரணம் இல்லை. அங்கே பார்ப்பது அளவு, நிறம், தோலின் மினுமினுப்பு. 17 சதவீதம் திடப்பொருள் உள்ள நீர்க்கிழங்கும் 21 சதவீதம் உள்ள மாவுக்கிழங்கும் தராசில் ஒரே எடை, ஒரே விலை. பொட்டாஷுக்கும் ஜிப்சத்துக்கும் செலவழித்தவர் அதை எங்கே திரும்ப எடுப்பார்? தரம் பற்றிய பயிற்சி முகாம்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரை, ஆலோசனைகள் துண்டறிக்கையோடு நின்றுவிடும்.

வாங்குகிறவர் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் கருவி வைத்துக் கிழங்கின் அடர்த்தியை அளக்கிறார்கள். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 110 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் போதும். கழுவிய கிழங்குகளை ஒவ்வொன்றாக அதில் விட வேண்டும். நீர்ச்சத்து மிகுந்தது மிதக்கும், மாவுச்சத்து மிகுந்தது மூழ்கும். மூழ்கியதை வறுவலுக்கும் போண்டாவுக்கும் எடுத்துக்கொள்ளலாம். மிதந்தது குருமாவில் கரையாமல் நிற்கும்.